பதினெட்டு வயதில் மூடும் கதவு

கடந்த ஆண்டு ஒரு திங்கள்கிழமை காலை என் அக்காவின் பேரனை அழைத்துக்கொண்டு ஓர் அரசு மருத்துவமனைக்குச் சென்றிருந்தேன். பிறவியிலேயே மூளை முடக்குவாதம் உள்ளவன் அவன். வழக்கமாக அவனுடைய தாய்தான் உடன் செல்வாள். அன்று அவளுக்குக் காய்ச்சல். 'வயது பதினெட்டு முடிந்துவிட்டது. இனி குழந்தைகளுக்கான மையத்தில் பார்க்க இயலாது. பெரியவர்கள் பிரிவுக்குச் செல்லுங்கள்' என்று முந்தைய மாதம் சொல்லி அனுப்பியிருந்தார்கள். எந்தப் பிரிவு, எந்த மருத்துவர், எந்தக் கிழமை என்பதையெல்லாம் யாரும் சொல்லவில்லை.

இரண்டு வரிசைகளில் நின்று, இரண்டும் தவறான வரிசை என்று தெரிந்து, மூன்றாவதில் எங்கள் முறை வந்தபோது நண்பகல் ஆகிவிட்டது. மருத்துவர் என்னைப் பார்த்து, 'பையனுக்கு என்ன?' என்று கேட்டார். வலிப்பு மருந்தின் அளவு என்ன, கடைசியாக வலிப்பு வந்தது எப்போது, தசை இறுக்கத்துக்கு ஊசி போட்டது எந்த ஆண்டு என்று கேள்விகள் தொடர்ந்தன. முப்பத்து மூன்று ஆண்டுகள் வகுப்பறையில் பேசிப் பழகிய நான் பதில் தெரியாமல் விழித்தேன். அருகில் இருந்தவன் என் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தான். அவனுக்குப் பேச்சு மெதுவாகத்தான் வரும். ஆனால், மருந்தின் பெயரும் அளவும் அவனுக்குத் தெரிந்திருந்தன. அவன் முதல் சொல்லைச் சொல்லி முடிப்பதற்குள் அடுத்த எண்ணை அழைத்துவிட்டார்கள்.

வெளியே நூறு பேரை வைத்துக்கொண்டிருக்கும் மருத்துவர் மீது எனக்குக் கோபம் இல்லை. பதினெட்டு ஆண்டுகளாக ஒரு சிறுவனின் உடலைப் பற்றிச் சேர்ந்த அறிவு முழுவதும் ஒரு தாயின் நினைவில் மட்டுமே இருந்தது என்பதும், அவளுக்கு ஒரு நாள் காய்ச்சல் வந்தால் அந்த அறிவு மருத்துவமனைக்கு வந்து சேராது என்பதும்தான் என்னை உலுக்கின. பொருளாதாரம் படித்தவன் என்ற முறையில் அன்று முதல் இந்தப் பிரச்னையை நான் வேறு கோணத்தில் பார்க்கத் தொடங்கினேன்.

இது ஒரு வகையில் நம் வெற்றியிலிருந்து பிறந்த பிரச்னை. 2020-ஆம் ஆண்டின் மாதிரிப் பதிவுக் கணக்கெடுப்பின்படி, ஆயிரம் பிறப்புகளுக்கு ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளின் இறப்பு தேசிய அளவில் 28, தமிழகத்தில் 13. முன்பு பிழைத்திருக்க முடியாத குழந்தைகள் இன்று பிழைக்கிறார்கள். பிறவி இதயக் கோளாறு, தலசீமியா, முதல் வகை நீரிழிவு, தண்டுவடப் பிளவு, தசைச் சிதைவு ஆகியவற்றுடன் பிறந்தவர்களும், சிறு வயதிலேயே இவற்றுக்கு ஆளானவர்களும் வளரிளம் பருவத்தைக் கடந்து இளைஞர்களாகிறார்கள். குழந்தைகளைக் காப்பாற்றக் கற்றுக்கொண்ட நமது மருத்துவ அமைப்பு, காப்பாற்றப்பட்ட குழந்தை ஒரு நாள் பெரியவனாகும் என்பதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

2013-இல் தொடங்கப்பட்ட 'ராஷ்ட்ரிய பால ஸ்வஸ்திய காரியக்ரம்' என்ற தேசியச் சிறார் நலத் திட்டம் உண்மையிலேயே ஒரு நல்ல திட்டம். அங்கன்வாடிகளிலும் பள்ளிகளிலும் குழந்தைகளைப் பரிசோதித்து, குறைபாடு உள்ளவர்களை மாவட்ட இடையீட்டுச் சேவை மையங்களுக்கு அனுப்புகிறார்கள். மருத்துவர், இயன்முறைச் சிகிச்சையாளர், உளவியலாளர், சிறப்புப் பயிற்சியாளர் எனப் பலரும் ஒரே கூரையின் கீழ் குழந்தையைப் பார்க்கிறார்கள். ஆனால், திட்டத்தின் வரம்பு பிறப்பு முதல் 18 வயது வரை. ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின்கீழ் வட்டார வள மையங்களில் கிடைக்கும் பயிற்சிகள் பிளஸ் 2 வகுப்போடு முடிகின்றன. மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் உறுதி செய்யும் இலவசக் கல்வி 6 முதல் 18 வயது வரை. அறிவுசார் குறைபாட்டுக்கான சான்றிதழை 18 வயதில் புதுப்பிக்க வேண்டும். அதே வயதில் சட்டத்தின் பார்வையில் அவர் முழு மனிதராகிறார்; பெற்றோர் அவருக்காக இயல்பாகக் கையெழுத்திட்டுவந்த உரிமை முடிவுக்கு வருகிறது.

சுகாதாரம், கல்வி, மாற்றுத்திறனாளிகள் நலம், சட்டம் என நான்கு துறைகள் ஒருவரையொருவர் கலந்துகொள்ளாமல் ஒரே பிறந்தநாளில் கதவை மூடுகின்றன. நரம்புக்கும் தசைக்கும் பதினெட்டு என்ற எண் தெரியாது. அது கோப்புகளின் எல்லை. மூளை முடக்குவாதத்தில் மூளையின் பாதிப்பு கூடுவதில்லை என்றாலும், உடல் வளர வளர மூட்டு இறுகுவதும், வலியும் சோர்வும் மிகுவதும், நடந்துகொண்டிருந்தவர்களில் பலர் இளமையிலேயே நடையை இழப்பதும் மருத்துவ உலகம் அறிந்தவை. சிகிச்சை மிகவும் தேவைப்படும் பருவத்தின் வாசலில்தான் நாம் விடைகொடுக்கிறோம்.

பிற நாடுகளும் இந்த இடத்தில் தடுக்கி விழுந்தவைதான். பிரிட்டனின் பராமரிப்புத் தர ஆணையம் 2014-இல் இதைப் பற்றி வெளியிட்ட அறிக்கைக்கு 'குளத்திலிருந்து கடலுக்கு' என்று பொருள்படும் தலைப்பை வைத்தது. 2016-இல் அந்நாட்டின் 'நைஸ்' அமைப்பு வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. மாற்றத்துக்கான திட்டமிடலை 13 அல்லது 14 வயதிலேயே தொடங்க வேண்டும். ஒவ்வோர் இளையவருக்கும் பெயர் குறிப்பிட்ட ஒரு பொறுப்பாளர் வேண்டும். பிரிவு மாறுவதற்குக் குறைந்தது ஆறு மாதம் முன்பும் ஆறு மாதம் பின்பும் அவர் துணை நிற்க வேண்டும் என்பவை அவற்றின் சாரம். அந்தப் பொறுப்பாளர் மருத்துவராகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. செவிலியராகவோ, சிகிச்சையாளராகவோ, சமூகப் பணியாளராகவோ இருக்கலாம்.

நம் சூழலில் அந்தப் பொறுப்புக்கு மிகப் பொருத்தமானவர் செயல்முறைச் சிகிச்சையாளர் என்பது என் கருத்து. மருத்துவமனைப் பலகைகளில் 'ஆக்குபேஷனல் தெரபி' என்று எழுதியிருப்பதைப் பார்த்து, ஏதோ வேலைவாய்ப்புப் பயிற்சி என்று நினைப்பவர்கள் உண்டு. நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். உண்மையில், ஒரு மனிதர் தன் அன்றாடச் செயல்களைத் தானே செய்துகொள்ள வழி காண்பதுதான் இத்துறையின் பணி. ஆசியாவின் முதல் செயல்முறைச் சிகிச்சைப் பள்ளி 1950-இல் மும்பை கே.இ.எம். மருத்துவமனையில் கமலா நிம்ப்கர் முயற்சியால் தொடங்கப்பட்டது. 1952-இல் உலகக் கூட்டமைப்பு உருவானபோது அதை நிறுவிய நாடுகளில் இந்தியாவும் ஒன்று. எழுபது ஆண்டுகளுக்கும் மேலான வரலாறு இருந்தும் இந்தத் துறையைப் பொதுமக்கள் அறியவில்லை.

எங்கள் குடும்பத்துக்கு இதை அறிமுகப்படுத்தியவர், ஒரு தொண்டு நிறுவனத்தில் பணியாற்றும் இளம் சிகிச்சையாளர். அந்த மருத்துவமனை அனுபவத்துக்குப் பிறகு நண்பர் ஒருவர் வழியாக அவரைத் தேடிக் கண்டோம். முதல் நாள் வந்தவர் எங்களை விட்டுவிட்டு அவனிடம் திரும்பி, 'நீயே செய்ய வேண்டும் என்று எதை ஆசைப்படுகிறாய்?' என்று கேட்டார். பதில் வரும்வரை காத்திருந்தார். அவன் இரண்டு விஷயங்களைச் சொன்னான்: தெருமுனையில் இருக்கும் முடிதிருத்தகத்துக்குத் தனியாகப் போக வேண்டும், டாக்டரிடம் தானே பேச வேண்டும். பதினெட்டு ஆண்டுகளில் இந்தக் கேள்வியை எங்களில் ஒருவரும் அவனிடம் கேட்டதில்லை.

இப்படிக் கேட்பது அவருடைய தனிப்பட்ட கனிவு மட்டுமன்று. அந்தத் துறையின் முறை என்பதைப் பின்னர் தெரிந்துகொண்டேன். 1991-இல் கனடாவில் வெளியிடப்பட்டு இன்று பல நாடுகளில் புழங்கும் ஒரு மதிப்பீட்டு முறையில், எந்தச் செயல் தனக்கு முக்கியம், அதை எவ்வளவு செய்ய முடிகிறது, அதில் எவ்வளவு திருப்தி என்பதற்குச் சிகிச்சை பெறுபவரே ஒன்று முதல் பத்து வரை மதிப்பெண் இடுகிறார். குறிக்கோளை நிர்ணயிப்பவர் அவர். சிகிச்சையாளர் வழி அமைப்பவர்.

பிறகு அவர் செய்ததுதான் எனக்குப் பெரிய பாடம். 'மருத்துவமனைக்குப் போவது' என்று நாம் ஒரே சொல்லில் முடித்துவிடும் செயலை அவர் ஏறக்குறைய இருபது சிறு செயல்களாகப் பிரித்தார். முந்தைய இரவு கோப்பை எடுத்து வைப்பது, ஆட்டோவில் ஏறுவது, ஓ.பி. சீட்டு வாங்குவது, எண்ணைக் கவனித்துக் காத்திருப்பது, பெயரும் வயதும் சொல்வது, வலியைச் சுட்டிக்காட்டுவது, ஒரு கேள்வியாவது கேட்பது, மருந்துச் சீட்டை மருந்தகத்தில் கொடுப்பது, வீட்டுக்கு வந்து வாராந்திர மாத்திரைப் பெட்டியில் பிரித்து வைப்பது என்று அந்தப் பட்டியல் நீண்டது. ஒவ்வொன்றிலும் அவனால் இயல்வது எது, கருவி இருந்தால் இயல்வது எது, வேறொருவர் செய்தே ஆக வேண்டியது எது என்று குறித்தார். மெதுவான பேச்சுக்காக ஓர் அட்டை தயாரானது: 'எனக்குப் பேச நேரம் ஆகும், ஆனால் நீங்கள் கேட்பது எனக்குப் புரியும். தயவுசெய்து என்னிடமே கேளுங்கள்.' பின்புறத்தில் நோயின் பெயர், மருந்துகள், அளவுகள், செய்த சிகிச்சைகள், ஒவ்வாமை ஆகியவை ஒரே பக்கத்தில் இருந்தன. பதினெட்டு ஆண்டுக் கோப்பைவிட அந்த ஒரு பக்கம்தான் வரிசையில் பயன்பட்டது.

இந்தப் பணி எல்லோருக்கும் ஒரே மாதிரி அமைவதில்லை. ஆட்டிசம் உள்ள பெண்ணுக்குப் பெரியவர்கள் பிரிவின் இரைச்சலே தாங்க முடியாததாக இருக்கலாம். கூட்டம் இல்லாத பிற்பகலில் இரண்டு முறை அழைத்துச் சென்று இடத்தைப் பழக்குவது அவளுக்கான சிகிச்சை. மாதவிடாய்க் காலச் சுகாதாரத்தைத் தானே பேணக் கற்பது அவளுடைய கண்ணியம் சார்ந்தது. தசைச் சிதைவு உள்ள இளைஞனுக்குச் சக்கர நாற்காலியின் இருக்கையை உடல் வளர்ச்சிக்கேற்ப மாற்றி அமைக்க வேண்டும். ஐம்பது வயதுத் தாய் ஐம்பது கிலோ மகனைத் தூக்கிக் கட்டிலுக்கு மாற்றும் வீடுகளில், சறுக்குப் பலகை கொண்டு அவனை நகர்த்தக் கற்றுத்தருவது இரண்டு முதுகுகளைக் காப்பாற்றும். மருத்துவரின் மருந்துச் சீட்டில் இவற்றுக்கு இடமில்லை. ஆனால், இவை இல்லாமல் அந்தச் சீட்டுக்குப் பயன் குறைவு.

என் துறையின் கண்ணாடி வழியே இதைப் பார்க்கிறேன். நோபல் பரிசு பெற்ற பொருளாதார அறிஞர் ஜேம்ஸ் ஹெக்மனை மேற்கோள் காட்டாத குழந்தைநல ஆவணம் அரிது. இளம் வயதில் செய்யும் முதலீட்டுக்கே பலன் அதிகம் என்ற அவருடைய வாதத்தின் முதல் பாதியை அரசுகள் நன்கு மனப்பாடம் செய்திருக்கின்றன. இரண்டாம் பாதியை மறந்துவிட்டன. தொடக்க கால முதலீடு பலன் தர வேண்டுமானால், பிந்தைய பருவத்திலும் முதலீடு தொடர வேண்டும். ஒன்று மற்றொன்றின் பயனைப் பெருக்கும் என்பதும் அவர் சொன்னதுதான். பதினைந்து ஆண்டுகள் நீர் பாய்ச்சிய தென்னைக்குக் காய்க்கும் பருவத்தில் வாய்க்காலை அடைப்பதை எந்த விவசாயியும் செய்யமாட்டார்.

அமர்த்தியா சென் இன்னொரு கோணத்தைத் தருகிறார். உடற்குறைபாடு உள்ளவருக்கு இரட்டை இடர் உண்டு: சம்பாதிப்பது கடினம், சம்பாதித்த பணத்தை வாழ்வாக மாற்றுவது அதைவிடக் கடினம். தமிழக அரசு கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்களுக்கு மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை வழங்குகிறது. அது முதல் இடருக்கான சிறு ஆறுதல். இரண்டாவது இடரைக் களைய, அந்தப் பணத்தைக் கொண்டு அவர் தன் நாளை எவ்வாறு நடத்துகிறார் என்று பார்க்கும் ஒருவர் தேவை. செயல்முறைச் சிகிச்சையாளரின் இடம் அதுதான். இத்தனை ஆண்டுகளாக இந்த இடைவெளியை நிரப்பிவரும் தாய்மார்களின் ஊதியமில்லா உழைப்பு எந்த மொத்த உற்பத்திக் கணக்கிலும் ஏறியதில்லை. கணக்கில் ஏறாததால் அது இலவசம் என்று ஆகிவிடாது.

இதற்கு எதிராகச் சொல்லப்படும் இரண்டு வாதங்களை நான் மதிக்கிறேன். ஒன்று, நம் குடும்ப அமைப்பு. 'மேலை நாட்டில் பிள்ளைகள் பதினெட்டு வயதில் தனியே போகிறார்கள். இங்கே பெற்றோர் கடைசிவரை பார்த்துக்கொள்கிறார்கள்' என்பார்கள். உண்மை. ஆனால், கடைசிவரை என்பது யாருடைய கடைசி? மாற்றுத்திறன் குழந்தைகளின் பெற்றோர் கூடும் எந்த இடத்திலும் கேட்கும் கேள்வி, 'எங்களுக்குப் பிறகு யார்?' என்பதுதான். தனியாக வாழ்வதுதான் தன்னுரிமை என்பதில்லை. குடும்பத்தோடு இருந்துகொண்டே தன் உடலைப் பற்றித் தானே பேசுவதும் தன்னுரிமைதான். பேச முடியாதவர்களுக்காகப் பேச வேண்டியவர் யார் என்பதைத் தாய் உடல்நலத்தோடு இருக்கும்போதே தீர்மானித்து, அவருக்கும் கற்றுத்தர வேண்டும்.

இரண்டாவது வாதம், ஆள் பற்றாக்குறை. செயல்முறைச் சிகிச்சையாளர்கள் குறைவு. இருப்பவர்களும் பெருநகரங்களில் குவிந்திருக்கிறார்கள். ஒவ்வொரு வட்டத்துக்கும் ஒருவரை நியமிப்பது உடனடியாக இயலாது. ஆனால், ஆய்க்குடி அமர் சேவா சங்கம் போன்ற அமைப்புகள் ஒரு வழியைக் காட்டியிருக்கின்றன. உள்ளூரில் பயிற்சி பெற்ற சமூகப் பணியாளர்கள் வீடு தேடிச் செல்கிறார்கள். சிகிச்சை வல்லுநர்கள் அவர்களை வழிநடத்துகிறார்கள். சிறு குழந்தைகளுக்கு அங்கே பயன் தந்த இந்த முறையை வளரிளம் பருவத்தினருக்கும் நீட்டிக்கலாம். உலக வங்கி உதவியுடன் நடைபெறும் தமிழ்நாடு உரிமைகள் திட்டத்தின் 'விழுதுகள்' சேவை மையங்கள் எல்லா வயதினருக்குமானவை. 2021-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' இயன்முறைச் சிகிச்சையை வீட்டு வாசலுக்கே கொண்டுசென்றது. கட்டமைப்பு உருவாகிவருகிறது. குழந்தை மையத்தையும் பெரியவர்கள் பிரிவையும் இணைக்கும் ஒரு மனிதர்தான் இல்லை.

அதற்கு என்ன செலவாகும்? மாவட்டத்துக்கு இரண்டு பேர் வீதம் 38 மாவட்டங்களுக்கு 76 பேர். மாதம் 40,000 ரூபாய் ஊதியம் என்று வைத்துக்கொண்டால், ஆண்டுக்கு ஏறத்தாழ மூன்றரைக் கோடி ரூபாய். பயணம், பயிற்சி, கருவிகள் ஆகியவற்றையும் சேர்த்து இரு மடங்காக்கினாலும் ஏழரைக் கோடியைத் தாண்டாது. சுகாதாரத் துறைக்கு ஆண்டுதோறும் 20,000 கோடி ரூபாய்க்கு மேல் ஒதுக்கும் ஒரு மாநிலத்துக்கு இது பெரிய தொகை அன்று.

நான் முன்வைப்பவை நான்கு. முதலாவது, மாவட்ட இடையீட்டுச் சேவை மையங்களில் நீண்டகாலச் சிகிச்சையில் உள்ள ஒவ்வொரு குழந்தைக்கும் 14 வயதில் ஒரு பொறுப்பாளரைப் பெயர் குறிப்பிட்டு நியமிக்க வேண்டும்; அவர் செயல்முறைச் சிகிச்சையாளராகவோ, அவருடைய வழிகாட்டலில் இயங்கும் பணியாளராகவோ இருக்கலாம். இரண்டாவது, மாதம் ஒரு நாள் குழந்தைகள் பிரிவு மருத்துவரும் பெரியவர்கள் பிரிவு மருத்துவரும் ஒன்றாக அமர்ந்து, அந்த ஆண்டு பிரிவு மாறவிருப்பவர்களைப் பார்க்க வேண்டும். மூன்றாவது, சான்றிதழைப் புதுப்பிக்க 18 வயதில் எப்படியும் வரும் குடும்பத்துக்கு, மாவட்ட ஆட்சியர் தலைமையிலான உள்ளூர்க் குழுவின் வழியே சட்டப்படியான பாதுகாவலரைப் பெறும் முறை, தேசிய அறக்கட்டளையின் ஒரு லட்சம் ரூபாய் வரையிலான 'நிராமயா' மருத்துவக் காப்பீடு ஆகியவற்றை அதே மேசையில் விளக்க வேண்டும். நான்காவது, குழந்தைகள் பிரிவிலிருந்து அனுப்பப்பட்டவர்களில் எத்தனை பேர் ஓராண்டுக்குள் பெரியவர்கள் பிரிவை வந்தடைந்தார்கள் என்று மாவட்டந்தோறும் எண்ணி வெளியிட வேண்டும். வழியில் எத்தனை பேர் காணாமல் போகிறார்கள் என்பது தெரிந்தால்தான் யாரேனும் தேடுவார்கள்.

அரசு செய்யும்வரை பெற்றோர் காத்திருக்க வேண்டியதில்லை. பன்னிரண்டு வயதிலிருந்தே ஓ.பி. சீட்டைக் குழந்தையின் கையில் கொடுங்கள். மருந்தின் பெயரைச் சொல்லிப் பழக்குங்கள். மருத்துவர் கேள்வி கேட்கும்போது முந்திக்கொண்டு பதில் சொல்லாமல் சற்றுப் பொறுங்கள். குழந்தைகள் பிரிவை விட்டு வெளியேறும் முன், இதுவரை நடந்த சிகிச்சையின் சுருக்கத்தை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அதைக் கேட்பது உங்கள் உரிமை.

சென்ற மாதம் மீண்டும் அதே பிரிவுக்குச் சென்றோம். இந்த முறையும் கூட்டம்தான். இந்த முறையும் இரண்டு மணி நேரம்தான். நான் கதவருகே நின்றுகொண்டேன். அவன் அட்டையை நீட்டினான். மருத்துவர் படித்துவிட்டு நிமிர்ந்து, அவனைப் பார்த்து, 'எங்கே வலிக்கிறது?' என்று கேட்டார். அவன் பதில் சொல்லி முடிக்க ஏறக்குறைய ஒரு நிமிடம் ஆயிற்று. அவர் காத்திருந்தார். அந்த ஒரு நிமிடத்துக்குப் பின்னால் ஒரு சிகிச்சையாளரின் எட்டு மாதச் சனிக்கிழமைகள் இருந்தன. முடிதிருத்தகத்துக்கு இன்னும் தனியாகப் போகவில்லை. வாசற்படி உயரமாக இருக்கிறது. கடைக்காரரிடம் பேசியிருக்கிறோம், ஒரு சாய்தளம் போட்டுத் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.